திரும்பி நின்ற மூன்று எழுத்துகள்

களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் பக்கத்தில் வதனி வைத்திருக்கும் கடையின் பலகையில் ‘கம்சா டிஜிட்டல்’ என்று எழுதியிருக்கிறது. மகள் கம்சாயினியின் பெயரைச் சுருக்கி வைத்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘கார்ட் அடிக்கிற அக்காட கடை’ என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். கல்யாணக் கார்ட், பூப்புக்குச் செய்யும் சாமத்திய வீட்டுக் கார்ட், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், அடையாள அட்டைப் போட்டோ எல்லாம் அங்கே ஆகும். அவளுடைய ஊர் மண்டூர். காலையில் ஸ்கூட்டியோடு பாதையேறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்குவாள். பாதை என்பது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒன்றாய்ச் சுமந்து வரும் இரும்பு மிதவை. அது இக்கரை சேரும் நேரத்துக்குள் அன்றைய கார்ட்டுகளில் எதற்கு எந்த நிறம் என்பதை மனதுக்குள் முடிவு செய்துவிடுவாள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கடையில் அவள் அதிகம் பேசமாட்டாள். வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே விரல்கள் தட்டிக்கொண்டிருக்கும். ஆனால் யாராவது பழைய காலத்துக் கொம்பியூட்டர்களைப் பற்றி, பெட்டி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் அந்தத் திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவாள்.

போன வருடம் மாசி மாதம். மழை விட்டு, சந்தைச் சேறு காயத் தொடங்கியிருந்த ஒரு முற்பகல். கடையில் ஆளில்லை. மெயிலைத் திறந்தவளுக்கு மேலேயே ஒரு பெயர் தெரிந்தது. றுமானா.

றுமானா அவளுக்கு எழுதி எத்தனையோ வருடம்.

புதிய மெயில்கூட அல்ல அது. வதனி எப்போதோ எழுதியதற்குப் பதிலாக வந்திருந்தது. கீழே அவளுடைய சொந்த வரிகளே இருந்தன. ‘நம்மட சென்டர்ல எடுத்த அந்தப் போட்டோ உன்னட்ட இருந்தா அனுப்புகா. என்னட்ட ஒண்டும் மிஞ்சல்ல.’ அதற்கு மேலே றுமானாவின் பழைய பதில். ‘உம்மாட ஊட்ட சீடி இரிக்கி புள்ள. ஊருக்கு வரக்குள்ள பாத்து அனுப்புறன்.’ அதற்கும் மேலே, அன்றைய தேதியில், ஆங்கிலத்தில் இரண்டு வரி. போட்டோக்களை இணைத்திருக்கிறேன், திறக்க இந்த எண்ணைப் போடு என்று நான்கு இலக்கம்.

அவள் எண்ணைப் போட்டாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு. படத்துக்கான சின்னம் அதன்மேல் இருந்தது. பெயரும் முழுதாய்த் தெரிந்தது. படங்களோடு வேலை செய்கிறவள் என்பதால் பெயரின் வால்வரை தெரியும்படிதான் கொம்பியூட்டரை வைத்திருந்தாள். முதலில் போட்டோஸ் என்ற சொல், ஒரு கீழ்க்கோடு, பிறகு ஆர், சி, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு புள்ளி, கடைசியில் படங்களுக்கு வரும் ஜே, பி, ஜி.

ஆர். சி. எஸ்.

ரூபன் கொம்பியூட்டர் சேர்விஸ். கல்லடியில், பாலத்தைத் தாண்டிக் கடற்பக்கம் போகும் ஒழுங்கையில், மஞ்சள் பலகையில் நீல எழுத்தில் அந்த மூன்று எழுத்தும் எழுதித் தொங்கிய இடம். அந்தப் பெயரை இனி யார் எழுதப் போகிறார்கள்? றுமானாவைத் தவிர யாருக்கு அது ஞாபகம் இருக்கப்போகிறது?

சமாதான காலம் என்று சொன்னார்களே, அந்த இரண்டு மூன்று வருடம். ஏஎல் பரீட்சை முடித்துவிட்டு மாமி வீட்டில் நின்று அந்தச் சென்டருக்குக் கொம்பியூட்டர் படிக்கப் போன வதனி, படித்து முடித்ததும் அங்கேயே வேலைக்கு இருந்துவிட்டாள். காத்தான்குடியிலிருந்து றுமானா வருவாள். சென்டரை நடத்திய உதயரூபனுக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. இவர்கள் இரண்டு பேரும் அண்ணன் என்று கூப்பிட்டதில் அவருக்கு ஒரு பெரிய மனிதத்தனம் வந்துவிட்டது. எப்போதும் கழுத்துப் பட்டன்வரை பூட்டிய சேர்ட். மத்தியானத்தில் கரண்ட் போனால் மூவருமாய் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மண்டூரிலிருந்து வந்த எருமைத் தயிர் வதனியின் பங்கு. றுமானாவின் உம்மா கட்டிக் கொடுத்த புட்டும் மாசிக்கருவாட்டுச் சம்பலும் மற்றப் பங்கு. கரண்ட் வந்ததும் கொம்பியூட்டர்கள் ஒவ்வொன்றாய் உயிர்பெறும். யாரும் தொடாமல் விட்டால் திரையில் நிறநிறமான குழாய்கள் தாமாக வளர்ந்து வளைந்து நிறையும். ஸ்கிரீன் சேவர். அதைப் பார்ப்பதற்கென்றே ஒழுங்கையில் போகிற சனம் யன்னலோரம் நின்று போகும்.

காத்தான்குடி நிக்காஹ் கார்ட்டுகள் அவர்களுக்கு நிறைய வரும். மேலே ஒரு வரி அறபு, கீழே தமிழ், இடையில் தேதியும் நேரமும். தமிழ் இடமிருந்து ஓடும், அறபு வலமிருந்து ஓடும். இரண்டும் ஒரே வரியில் சந்தித்தால் அடைப்புக்குறி திரும்பி நிற்கும், தேதி இடம் மாறிவிடும். வதனி தமிழைச் செய்வாள், றுமானா அறபைச் செய்வாள், சந்திக்கிற இடத்தில் இரண்டு பேருமாய்த் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஒருநாள் வலது கிளிக்கில் திறந்த ஒரு சின்னப் பட்டியலில் றுமானா ஒரு குறியைக் கண்டுபிடித்தாள். போட்டால் திரையில் எதுவும் தெரியாது. ஆனால் அதற்குப் பின்னால் வருகிற எழுத்தெல்லாம் அது சொன்ன பக்கமாய்த் திரும்பி ஓடும்.

“பாரு புள்ள, ஜின் மாதிரி. ஆளக் காணயில்ல, வேல மட்டும் நடக்குது!” என்று கையைத் தட்டினாள்.

அன்றிலிருந்து அதற்கு ஜின் என்றே பெயர். ‘இந்த வரியில ஒரு ஜின்னப் போடு’, ‘உள்ளுக்க ரெண்டு ஜின் கிடக்கு, ஒண்ட எடு’ என்று அவர்கள் பேசுவதைக் கேட்டு, கார்ட் வாங்க வந்த ஒரு மௌலவி திடுக்கிட்டுப் போனது தனிக் கதை.

புது லேசர் பிறின்டர் வந்த அன்று உதயரூபன் யாரிடமோ டிஜிட்டல் கமராவை இரவல் வாங்கி வந்தார். அதைப் புத்தக அடுக்கின்மேல் வைத்து, தானாகப் படமெடுக்கும்படி முடுக்கிவிட்டு, ஓடிவந்து இவர்களோடு நின்றார். அந்தப் படத்தை றுமானா சீடியில் எழுதி எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் சுனாமியாய்க் கடல் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, சென்டர் பூட்டு. ஆனால் உதயரூபன் குடியிருந்தது அதே வளவின் பின்பக்கம்தான். கடல் அவரையும் சென்டரையும் சேர்த்துக்கொண்டு போனது.

மணலும் சேறும் நிறைந்த அந்த அறையைப் பிறகு இரண்டு பெண்களும் போய்ப் பார்த்தார்கள். கீபோர்ட்டுகளைக் கவிழ்த்துத் தட்டத் தட்ட எழுத்துகளுக்கிடையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. றுமானா கலியாணம் முடித்துத் தோஹாவுக்குப் போனாள். வதனி கடை வைத்தாள். மெயில் எழுதினார்கள், பிறகு குறைந்தது. அதற்குப் பிறகு, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த 2019 சித்திரை. பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சனம் ஒரே பஸ்ஸில் இருந்தும் பேசாமல் வந்த மாதங்கள். இவர்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. எழுதினால் என்ன எழுதுவது என்று இவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. அப்படியே போய்விட்டது.

இவ்வளவும் அந்த மூன்று எழுத்தைப் பார்த்த கணத்தில் வந்து போயின. வதனி இரண்டு முறை கிளிக் செய்தாள்.

ஒரு படம் திறந்தது. ஏதோ ஒரு வகுப்பறை, மங்கலான வெளிச்சம், பத்துப் பன்னிரண்டு பேர். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசி வரிசையில் பட்டன் பூட்டிய சேர்ட்டோடு ஒருவர் நிற்பதுபோல் இருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். யாரோ வெள்ளைக்காரர். ஒரு முகமும் அவளுக்குத் தெரிந்த முகமில்லை. றுமானா அவசரத்தில் வேறு படத்தை மாற்றி அனுப்பிவிட்டாள் என்று நினைத்து, ‘இது நம்மட போட்டோ இல்லகா’ என்று பதில் போட்டாள். பதில் வரவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. நினைத்திருக்கிறாளே, அது போதும்.

திங்கட்கிழமை காலை முதல் கோல் வந்தது. களுதாவளையிலிருந்து வினாயகமூர்த்தி மாஸ்டர். மகளின் கல்யாணக் கார்ட் இவளிடம்தான் அடித்தார்.

“புள்ள, நீ அனுப்பின படத்தத் துறந்து பாத்தன். ஆரோ வெள்ளக்காரர் நிக்காங்க. என்ன இது?”

“நான் ஒண்டும் அனுப்பயில்லயே, சேர்.”

“உன்ர பேரிலதானே வந்திருக்கு. நான் கார்ட்டப் பத்திக் கேட்டு எழுதினதுக்குப் பதில் மாதிரி.”

அடுத்தது ஓட்டமாவடி ஸாஹிர். வலீமா விருந்துக்குக் கார்ட் கேட்டிருந்தவர். அவருக்கும் இதே மெயில், அவர் எழுதியதற்கே பதிலாக. மூன்றாவது கோல் வந்தபோது வதனி எழுந்து கொம்பியூட்டரின் இணைப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, மட்டக்களப்பில் கொம்பியூட்டர் திருத்தும் பிரதீஸுக்குப் போன் போட்டாள்.

பிரதீஸ் மத்தியானத்துக்குள் வந்துவிட்டான். வந்தவன் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. கோப்புகளை வரிசையாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து, பெயருக்கு நேரே விரலை வைத்தான்.

“அக்கா, இதில என்ன வகை எண்டு போட்டிருக்கு? வாசிங்க.”

“ஸ்கிரீன் சேவர்,” என்று வாசித்தாள் வதனி. “அதெப்பிடி? பேர் ஜேபிஜி எண்டுதானே முடியுது.”

“முடியுற மாதிரிக் காட்டுது. உண்மையான பேர் முடியுறது எஸ், சி, ஆர் எண்டு. அதுதான் ஸ்கிரீன் சேவரின்ர வால். ஸ்கிரீன் சேவர் எண்டாலும் அதுவும் ஒரு புரோகிராம்தான், துறந்தா ஓடும். இதுக்குள்ள இருந்தது உங்கட பாஸ்வேர்ட், மெயில் எல்லாத்தையும் அள்ளிக் கொண்டு போற சாமான். நீங்க பாத்துக்கொண்டிருக்கட்டும் எண்டு ஒரு படத்தையும் காட்டியிருக்கு.”

“அப்ப நான் கண்ட பேர்?”

“பேருக்கு நடுவில ஒரு எழுத்து கிடக்குது அக்கா. கண்ணுக்குத் தெரியாது. இதுக்குப் பிறகு வாறதையெல்லாம் வலமிருந்து இடமாக் காட்டு எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லுற எழுத்து. அறபு மாதிரியான பாசைகளுக்கு வச்சிருக்கிறது. அதை இவங்கள் களவுக்கு எடுத்திருக்கிறாங்கள். இந்தா பாருங்க.” ஒரு கடதாசியை இழுத்து எழுதினான். ஜி, பி, ஜே, புள்ளி, எஸ், சி, ஆர். “இதத் திருப்பி வாசிங்க.”

வதனி கடைசியிலிருந்து வாசித்தாள். ஆர், சி, எஸ், புள்ளி, ஜே, பி, ஜி.

கதிரையில் அப்படியே சாய்ந்தாள். ரூபன் கொம்பியூட்டர் சேர்விஸ் இல்லை. மஞ்சள் பலகையும் இல்லை. எஸ், சி, ஆர் என்ற வால் திரும்பி நின்றது, அவ்வளவுதான். அதை எழுதியவனுக்குக் கல்லடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஊருலகமெல்லாம் ஆயிரம் பேருக்கு இதே மூன்று எழுத்து போயிருக்கும். அவளுக்கு மட்டும் அது பெயராய்த் தெரிந்தது.

“அந்த எழுத்து எனக்குத் தெரியும் தம்பி,” என்றாள். “நாங்க அதுக்குப் பேரெல்லாம் வச்சிருந்தம்.”

பிரதீஸ் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஏமாந்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை. சின்ன வயதில் இரண்டு பேருமாய்ச் சிரித்துச் சிரித்துக் கார்ட்டுகளில் வைத்த அந்தச் சாமான், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத சாமான், இப்படி வந்து நிற்கிறதே என்றுதான் இருந்தது.

அன்று முழுக்கப் பிரதீஸ் கொம்பியூட்டரைத் துடைத்துப் புதிதாக்கினான். வதனி வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்ட்டுகளை மாற்றினாள். பிறகு வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராய்க் கூப்பிடத் தொடங்கினாள். “என்ர பேரில வந்தத துறக்காதீங்க. துறந்திருந்தா இணைப்பக் கழட்டிப்போட்டு எனக்குச் சொல்லுங்க.” சிலர் ஏசினார்கள். சிலர் அதை விட்டுவிட்டுப் பிள்ளைப்பேறு, மரணம், வெளிநாடு என்று வீட்டுக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். வினாயகமூர்த்தி மாஸ்டர் கோபத்தோடு கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார். அதையும் பிரதீஸ் துடைத்துக் கொடுத்தபின்தான் அவர் தேநீரைத் தொட்டார்.

எல்லாருக்கும் சொன்னாள். ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. றுமானாவின் மெயிலையும் இதே வழியில்தான் யாரோ பிடித்திருக்க வேண்டும். ஆனால் அவளுடைய நம்பர் இவளிடம் இல்லை.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் காத்தான்குடிக்கு பஸ் ஏறினாள். றுமானாவின் உம்மா கைறுன்னிஸாவின் வீட்டுக்கு வழி கால்களுக்கு ஞாபகமிருந்தது. கேற்றுக்கு முன்னால்தான் தயக்கம். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவள் இப்போது மெயில் கதையோடு வந்து நிற்கிறாளே என்று நினைப்பார்களோ?

கதவைத் திறந்த கைறுன்னிஸா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“தயிர்க்காரப் புள்ளையா?”

வதனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. “ஓம் உம்மா. வதனி.”

“உள்ளுக்கு வா. வெயிலுக்க நிண்டு என்ன பாக்காய்?”

இஞ்சிப் பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தன. விசயத்தைக் கேட்டதும் கைறுன்னிஸா போனை நீட்டினார். “நீயே எடுத்துச் சொல்லு. எனக்கு இந்தக் கதையெல்லாம் விளங்காது.”

தோஹாவில் றுமானா சமையலறையில் நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள், கன்னம் கொஞ்சம் சதைபிடித்திருந்தது. போனுக்குள் வதனியைக் கண்டதும் கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள்.

“புள்ள! நீயா? உம்மாட ஊட்டயா நிக்காய்?”

வதனி நடந்ததைச் சொன்னாள். றுமானாவின் முகம் சுருங்கியது. “அல்லாஹ்வே! போன மாசம் எனக்கும் ஒரு மெயில் வந்திச்சு, மகனுட பள்ளிக்கூடத்துப் படமெண்டு. துறந்தன். ஒண்டும் விளங்கல்ல. மறுகா மெயிலுக்குள்ள போகவே ஏலாமப் பெயித்து. எனக்கிட்ட இருந்துதான் உனக்கு வந்திரிக்கி. என்னால உன்ர கடைக்கும்...”

“அத விடு. அவங்க செஞ்ச வேலைய நீ கேட்டியா? பேர எப்பிடித் திருப்பியிருக்காங்க தெரியுமா?” வதனி போனைக் கிட்டே கொண்டுவந்தாள். “நம்மட ஜின்ன வச்சுத்தான்.”

றுமானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. இவளுக்கும் தொற்றிக்கொண்டது. “அந்தப் பேரச் சும்மா சும்மா சொல்லாதீங்க,” என்று உள்ளேயிருந்து கைறுன்னிஸா ஏசினார்.

சிரித்து ஓய்ந்தபின் வதனி அந்த மூன்று எழுத்தைச் சொன்னாள். அதைப் பார்த்து ரூபன் அண்ணனுடைய சென்டர் என்று நினைத்ததைச் சொன்னாள். றுமானா கண்ணாடியைக் கழற்றினாள்.

“எனக்கு வந்திருந்தாலும் நானும் அப்பிடித்தான் வாசிச்சிருப்பன் புள்ள.” பிறகு மெதுவாய்ச் சொன்னாள். “அந்த சீடி இல்ல வதனி. ஊருக்கு வந்த நேரம் எடுத்துப் பாத்தன். மினுமினுப்பெல்லாம் உரிஞ்சு போயிரிக்கி. கொழும்புக்கும் குடுத்தனுப்பினன், ஏலாதெண்டுட்டாங்க. அத உனக்கிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாம... இரிக்கட்டும், இரிக்கட்டும் எண்டு விட்டுட்டன்.”

“இல்லாட்டி இல்லாம இருக்கட்டும்கா. நீ எழுதியிருக்கலாம்.”

“நீயும்தான்.”

இருவரும் அதற்கு மேல் அதைத் தோண்டவில்லை. அதற்குப் பதிலாக அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார்கள். ரூபன் அண்ணன் நடுவில் நின்றார் என்றாள் வதனி. இல்லை, ஓடிவந்து நிற்க நேரமில்லாமல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றார் என்றாள் றுமானா. பிறின்டர் பெட்டியை யார் தூக்கிப் பிடித்திருந்தது என்பதிலும் ஒத்துவரவில்லை. வதனியின் சாரி என்ன நிறம் என்பதில் பெரிய வாக்குவாதம். ஊதா என்று இவளும் பச்சை என்று அவளும் பிடிவாதமாய் நின்றார்கள். பனங்கட்டி முடிந்து, பிளேன்டீ ஆறி, றுமானாவின் அடுப்பில் ஏதோ கருகுகிற மணம் அவளுக்கே வந்தபிறகுதான் போனை வைத்தார்கள்.

அதன்பிறகு கிழமைக்கு ஒருமுறையாவது பேசுகிறார்கள். வதனியின் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவள் தானாகக் கூப்பிட்டுச் சொன்னதை வினாயகமூர்த்தி மாஸ்டரே ஊரெல்லாம் சொல்லி இரண்டு கல்யாணக் கார்ட் கொண்டுவந்து கொடுத்தார். யாருடைய பெயரில் எது வந்தாலும் இப்போது வதனி திறப்பதற்கு முன் போன் எடுத்துக் கேட்கிறாள். கோப்பின் பெயரை விட்டு வகையைப் பார்க்கிறாள்.

இந்த வருடம் றுமானாவின் மகள் ஸஹீதாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. கார்ட் வேறு யாரிடமும் போகவில்லை. அறபு வரியை றுமானா தோஹாவிலிருந்து செய்து அனுப்பினாள்.

“நீதானே அனுப்பின?”

“நான்தான் புள்ள. துற.”

தமிழை வதனி செய்து, முதல் பிரதியை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போய்க் கைறுன்னிஸாவிடம் காட்டினாள். அவர் அதைக் கிட்டப் பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்தார்.

“எல்லாம் வடிவாத்தான் இரிக்கி. ஆனா எழுத்து எறும்பு மாதிரி. எனக்குக் கண் தெரிய வேணாமா? பெருசாக்கு.”

“பெருசாக்கினா ஒரு வரி கீழ போயிரும் உம்மா.”

“போகட்டும். பேத்தியிட கார்ட்ட நான் வாசிக்க வேணும்.”

வதனி கடைக்குத் திரும்பி எழுத்தைப் பெரிதாக்கினாள். வரி கீழே போனது. தோஹாவுக்குப் போன் எடுத்து, அறபு வரியைக் கொஞ்சம் சுருக்கித் தரும்படி கேட்டாள்.